செயலியின் பெயரைச் சொல்வது யார்?

2005ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தார், இரண்டு உள்ளகங்களை ஒரே சில்லில் அடக்கிய ஆத்லான் 64 எக்ஸ்2 என்னும் செயலியை வெளியிட்டபோது, அதற்கு முந்தைய வருஷம் வந்த தாய்ப்பலகைகளிலேயே அதைப் பொருத்திக்கொள்ளலாம் என்று கேள்வியுற்ற பலர், பழைய செயலியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதை அமர்த்தினார்கள். விசையை அழுத்தியதும் கணினி எழுந்தது, விண்டோஸ் வந்தது, பாட்டுப் பாடியது, படம் காட்டியது. ஆனால், பணம் கொடுத்து வாங்கிய பொருளின் பெயரைத் திரையிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்னும் இயல்பான ஆசையோடு, 'மை கம்ப்யூட்டர்' சின்னத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' என்ற பக்கத்தைத் திறந்தவர்களில் சிலருக்கு அங்கே, 'ஏஎம்டி பிராசஸர் மாடல் அன்னோன்' என்னும் வாசகமே காட்சி தந்தது. ஏஎம்டி செய்த செயலிதான், ஆனால் எந்த மாதிரி என்று தெரியவில்லை என்பது அதன் தாத்பரியம். செய்கிற கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெயர் மட்டும் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்ற அந்த வாசகத்தை எழுத்தெழுத்தாகத் திரைக்கு அனுப்பியதும் அதே செயலிதான் என்பதை யோசித்துப் பார்த்தால், விநோதம் இன்னும் பெரிதாகிறது.

நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள், ஒரு விஷயத்தை அறிவதற்குக் காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்று பிரமாணங்களை முக்கியமாகச் சொல்வார்கள். கண்ணால் காண்பது முதலாவது. கண்ட அடையாளத்தைக் கொண்டு காணாததை ஊகிப்பது இரண்டாவது. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வது மூன்றாவது. இவற்றுள் முதலாவது, இயக்க முறைமைக்கு, அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்று கணினியின் சகல காரியங்களையும் மேற்பார்வை செய்யும் தலைமை நிரலுக்கு, அறவே வாய்க்காதது. செயலியின் உலோக மூடியின்மேல் அதன் பெயர் பொறித்திருப்பது வாஸ்தவமே. ஆனால் ஆணைகளின் தொகுதியாய், அந்த மூடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் இயக்க முறைமை, வெளியே வந்து அதைப் படிக்க இயலாது. ஆகவே அது ஊகிக்க வேண்டும். இல்லையேல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் பெயர் தவறாக வரும்போதெல்லாம், ஊகம் எங்கே பிசகிற்று, அல்லது சொன்ன வாக்கு யார் கையில் மாறிற்று என்று தேடுவதே பரிகாரத்தின் முதற்படி.

ஆதியில் ஊகம் ஒன்றே வழியாக இருந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8086 (1978), 80286 (1982), 80386 (1985) என்று வரிசையாக வந்த செயலிகளிடம், 'நீ யார்?' என்று ஒரு நிரல் கேட்பதற்குத் தனியான ஆணை எதுவும் இல்லை. செயலிக்குள் 'பதிவகம்' எனப்படும் சிறு சேமிப்பிடங்கள் உண்டு. ஒவ்வொன்றும், 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும் 'பிட்'டுகளின் வரிசை. அவற்றுள் நிலைப்பதிவகம் என்பது, கடைசியாகச் செய்த கணக்கின் விடை பூஜ்யமா, விடை இடம் போதாமல் வழிந்ததா என்பன போன்ற சேதிகளைக் குறித்துவைப்பது. 8086 செயலியில் அதன் பதினாறு பிட்டுகளுள் உச்சியிலுள்ள நான்கும் எப்போதும் 1ஆகவே நிற்கும். பூஜ்யத்தை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தாலும் ஒன்றுதான் வரும். 80286இலோ, கணினி எழுந்தவுடன் இருக்கும் சாதாரண நிலையில், அதே நான்கும் 0ஆகவே நிற்கும். 80386 அவற்றுட் சிலவற்றை மாற்றுவதற்கு இடங்கொடுக்கும். எனவே, அந்த இடத்தில் ஒன்றை எழுதிப் படித்து, பிறகு பூஜ்யத்தை எழுதிப் படித்துப் பார்த்தால், எதிரே இருப்பது இம்மூன்றில் எது என்று தெரிந்துபோகும். 1989இல் 80486 வந்தபோது, பதிவகம் பதினாறு பிட்டைத் தாண்டி அகன்ற 386இல் அசையாதிருந்த பதினெட்டாம் பிட் அசையத் தொடங்கியதால், அடுத்த தலைமுறையை அடையாளங்காண அது உதவிற்று.

8086ஐயும் அதன் இளைய உடன்பிறப்பாகிய 8088ஐயும் பிரித்தறிய இந்தச் சோதனை பயன்படாது. இரண்டின் நிலைப்பதிவகமும் ஒன்றேதான். அந்த இடத்தில் நிரலாளர்கள் காட்டிய சாமர்த்தியத்தை நான் எப்போதும் ரசிப்பதுண்டு. செயலி ஓர் ஆணையை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து வரவிருக்கும் ஆணைகளை நினைவகத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வரிசையில் வைத்துக்கொள்ளும். 8086இன் வரிசையில் ஆறு பைட் அடங்கும், 8088இல் நான்குதான். ஆகவே, சில பைட்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆணையை நினைவகத்தில் அழித்து வேறொன்றாக எழுதிவிட்டு, செயலி பழையதை நிறைவேற்றுகிறதா, புதியதையா என்று பார்ப்பார்கள். பழையதை நிறைவேற்றினால், அது முன்பே உள்ளே போய்விட்டது, வரிசை நீளம், செயலி 8086. புதியதை நிறைவேற்றினால் 8088.

இத்தகைய ஊகங்களுக்கு ஒரு பொதுவான பலவீனம் உண்டு. அவை, தமக்கு முன் பிறந்த செயலிகளையே பிரித்துக்காட்டும். தமக்குப் பின் பிறப்பவற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டா. 486ஐ அறிந்து அதற்கு மேல் அறியாத நிரலுக்கு, அடுத்து வரும் எதுவும் 486தான். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக, 1993இல் பென்டியம் செயலியோடு, 'சிபியுஐடி' என்ற புதிய ஆணையை இன்டெல் நிறுவனத்தார் கொண்டுவந்தார்கள். நிலைப்பதிவகத்தின் இருபத்தோராம் பிட்டை மாற்ற முடிந்தால் அந்த ஆணை உண்டென்று அர்த்தம். அதன்பிறகு, ஒரு பதிவகத்தில் கேள்வியின் எண்ணை வைத்து ஆணையைக் கொடுத்தால், நான்கு பதிவகங்களில் விடை வந்து நிற்கும். ஊகத்தின் காலம் போய் ஆப்தவாக்கியத்தின் காலம் அப்போதுதான் பிறந்தது.

பூஜ்யம் என்ற முதற்கேள்விக்கு வரும் விடையில், செய்தவர் பெயர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துகளாக அடங்கியிருக்கும். இன்டெல் செயலி 'ஜெனுயின்இன்டெல்' என்று சொல்லும். ஏஎம்டி செயலி 'ஆதென்டிக்ஏஎம்டி' என்று சொல்லும். சைரிக்ஸ் நிறுவனத்தார் குறும்பாக 'சைரிக்ஸ்இன்ஸ்டெட்' என்று வைத்தார்கள். 'அதற்குப் பதிலாகச் சைரிக்ஸ்' என்பது பொருள். சீனத்தின் ஷாவ்ஷின் செயலிகளுள் சில, 'ஷாங்ஹாய்' என்ற எட்டு எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இடம் காலியாக விட்டுப் பன்னிரண்டை நிரப்பிக்கொள்கின்றன. இந்தப் பன்னிரண்டும் நான்கு நான்காக வெட்டுண்டு மூன்று பதிவகங்களில் அமரும். ஆனால் அகரவரிசைப்படி இரண்டாம், மூன்றாம், நான்காம் பதிவகங்களில் அன்று. இரண்டாம், நான்காம், மூன்றாம் என்ற வரிசையில். இதைக் கவனிக்காத புது நிரலாளர் எழுதும் நிரல், பெயரின் வாலை நடுவிலும் நடுவை வாலிலும் வைத்துப் படித்து, உலகில் இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரைத் திரையில் அச்சிடும். செயலி சரியாகவே சொல்லியிருக்கிறது. கேட்டவர் காதில்தான் கோளாறு.

இரண்டாம் கேள்விக்கு எண்களில் விடை வரும். குடும்பம், மாதிரி, படிநிலை என்பன அந்த எண்கள். குடும்பம் என்பது அடிப்படை வடிவமைப்பின் வமிசம். மாதிரி என்பது அந்த வமிசத்துள் ஒரு பிறவி. படிநிலை என்பது, அதே பிறவியில் பிழை திருத்தி மீண்டும் வார்த்த பதிப்பு. முதலில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். நான்கு பிட்டுக்குள் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரையில்தான் எண்ண முடியும். ஆறாம் குடும்பத்தில் மாதிரிகள் பெருகி, 2006இல் வந்த முதல் கோர் 2 டியோ பதினைந்து என்னும் கடைசி இடத்தையும் பிடித்துக்கொண்டது. பிறகு வந்தவை, அதற்காகவே சற்றுத் தள்ளி ஒதுக்கியிருந்த இன்னொரு நான்கு பிட்டை நீட்சியாகப் பயன்படுத்தலாயின. 2008இல் வெளிவந்த இ8400 என்ற கோர் 2 டியோவின் முதற்பதிப்பு, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 10676 என்று விடை சொல்லும். வலப்புறத்திலிருந்து படித்தால், 6 என்பது படிநிலை, 7 என்பது மாதிரி, 6 என்பது குடும்பம். ஒரு பூஜ்யத்தைத் தாண்டி இடக்கோடியில் நிற்கும் 1 என்பது மாதிரியின் நீட்சி. நீட்சியைப் பதினாறாகக் கணக்கிட்டு ஏழோடு சேர்த்தால் மாதிரி எண் இருபத்து மூன்று. நீட்சியை அறியாத பழைய நிரலோ ஏழு என்றே படிக்கும். ஆறாம் குடும்பம், ஏழாம் மாதிரி என்பது, 1999இல் வந்த முதல் பென்டியம் 3க்கு உரிய விலாசம். ஆகவே, நாற்பத்தொரு கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்ட செயலியை, ஒரு கோடிகூட இல்லாத ஒன்பது வயது மூத்த செயலியென்று அது சத்தியம் செய்துவிடும்.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர் கையிலுள்ள படிவத்தில் வயதுக்கு இரண்டே கட்டம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நூற்று மூன்று வயதுப் பாட்டி, காது கேட்டு, கேள்வி புரிந்து, தெளிவாகவே 'நூற்று மூன்று' என்று சொல்கிறாள். கட்டத்தில் விழுவதோ கடைசி இரண்டு இலக்கம். அப்புறம் தாலுகா அலுவலகத்தில் அந்தப் படிவத்தைப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு, அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று விதவையாக இருக்கிறதே என்ற ஆச்சரியம் உண்டாகும். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாட்டியை மறுபடி விசாரிப்பதால் என்ன பயன்? படிவத்தை மாற்ற வேண்டும். இ8400ஐப் பென்டியம் 3 என்று ஒரு பழைய நிரல் காட்டினால், செயலியைத் திருப்பிக்கொடுக்கக் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. நிரலின் புதிய பதிப்பை வாங்கிப் போட்டால் போதும்.

இப்போது முதற்புதிருக்கு வருவோம். குடும்பம், மாதிரி என்பன எண்கள். கடையில் விற்கும் பெயரோ வேறு. ஒரே சில்லைச் சற்று வேகமாக ஓடுவது, சற்று மெதுவாக ஓடுவது என்று பரிசோதித்துப் பிரித்து, வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலைக்கு விற்பது இந்தத் தொழிலின் சம்பிரதாயம். எனவே முழுப்பெயரைச் சொல்வதற்கென்று வேறு மூன்று கேள்விகள் ஏற்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பதினாறு எழுத்தாக, மொத்தம் நாற்பத்தெட்டு எழுத்து விடையாக வரும். திரையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த வாசகமேதான். ஆத்லான் 64 காலத்து ஏஎம்டி செயலிகளில் ஒரு விசேஷம் என்னவென்றால், இந்த நாற்பத்தெட்டு எழுத்துகள் சில்லில் நிரந்தரமாகப் பொறித்தவை அல்ல. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்னும் தாய்ப்பலகை நிரல், செயலிக்குள் எரித்துவைத்திருக்கும் ஒரு குறியெண்ணைப் படித்து, தன் அட்டவணையில் அதற்கு நேரே உள்ள பெயரை எடுத்து, அதைச் செயலியின் பதிவகங்களில் எழுதிவைக்கும். பின்னால் விண்டோஸ் வந்து கேட்கும்போது, செயலி அந்தப் பெயரையே தன் பெயராகத் திருப்பிச் சொல்லும். 2004இல் எழுதிய அட்டவணையில் 2005இல் பிறந்த செயலியின் குறியெண் எப்படி இருக்கும்? தெரியாத எண்ணுக்கு என்ன எழுத வேண்டுமோ அதைப் பயாஸ் எழுதியது. 'மாடல் அன்னோன்' என்ற வாசகம் பிறந்தது. செயலி சொன்னதாக விண்டோஸ் நினைத்தது, உண்மையில் தாய்ப்பலகை ஓதிக்கொடுத்த பாடம். தாய்ப்பலகையைச் செய்தவர்கள் வெளியிட்ட புதிய பயாஸைப் பதிந்த அன்றே பெயர் சரியாயிற்று. விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவியவர்களுக்கோ, அரைநாள் போனதுதான் மிச்சம்.

பயாஸ் இடையில் புகுந்து செயலியின் வாயைப் பொத்திவிடுவதும் உண்டு. செயலி தன் முதல் விடையிலேயே, தான் எத்தனையாம் எண் வரையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் என்பதையும் தெரிவிக்கும். 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0, அந்த எண் மூன்றுக்கு மேற்பட்டால் தடுமாறிவிடும். பின்னாளில் பென்டியம் 4 வரிசையில் இந்த எண் ஐந்துக்கு ஏறியபோது, பழைய அமைப்பையே வைத்திருக்கும் அலுவலகங்களின் பொருட்டு, 'லிமிட் சிபியுஐடி மேக்ஸ்வால்' என்றொரு விருப்பத்தைப் பயாஸில் வைத்தார்கள். அதை இயக்கினால் செயலி மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் செயலிக்குள் இருக்கும் அவசர நினைவகமாகிய இடைத்தேக்ககம், உள்ளகங்களின் எண்ணிக்கை முதலியவற்றைச் சொல்லும் விடைகள் நான்காம் கேள்விக்கு அப்பால் இருக்கின்றன. என்டியை யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில், தவறுதலாக அந்த விருப்பம் இயங்கிக் கிடந்தால், புதிய இயக்க முறைமைக்குப் பாதிச் சேதி கிடைக்காது. லினக்ஸின் நடுநாயகமாகிய கருநிரலை எழுதியவர்கள் இதில் பயாஸை நம்புவதில்லை. இன்டெல் செயலியில் இந்தக் கட்டுப்பாடு இருக்கக் கண்டால், கருநிரலே அதை அவிழ்த்துவிட்டு மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறது.

இவற்றையெல்லாம்விடச் சுவையானது சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86 செயலியின் கதை. டெக்ஸஸ் மாகாணத்தில் ரிச்சர்ட்ஸன் நகரத்திலிருந்து வந்த இந்தச் செயலி, பென்டியத்தோடு போட்டியிடுவதற்காகவே பிறந்தது. ஆயினும் அதில் சிபியுஐடி ஆணையைப் பூட்டியே அனுப்பினார்கள். ஆணை இல்லையென்று கண்ட இயக்க முறைமைகள் பழைய ஊகத்துக்குத் திரும்பி, இது 486 என்று தீர்மானித்தன. பென்டியம் வேண்டும் என்று கண்டிப்புச் செய்த நிரல்கள் ஓட மறுத்தன. லினக்ஸ் கருநிரலில் இதற்கு ஒரு பரிகாரம் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் ஐந்தை இரண்டால் வகுக்கச் சொல்கிறது. வகுத்தல் முடிந்தபின் நிலைப்பதிவகத்தின் பிட்டுகள் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி இன்டெல் கையேடு ஒரு நிர்ணயமும் செய்யவில்லை. மற்ற 486 வகைச் செயலிகள் அந்தப் பிட்டுகளைக் கலைத்துவிடும். சைரிக்ஸ் மட்டும் இருந்தது இருந்தபடியே விட்டுவைக்கும். விடை இரண்டா, மீதி ஒன்றா என்பதைப் பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. வகுத்தவர் மேசையைக் கலைத்தாரா என்பதே கேள்வி. கலையவில்லை என்று கண்டால், எதிரே இருப்பது சைரிக்ஸ் என்று தெளிந்து, கருநிரல் அதன் அமைப்புப் பதிவகத்தைத் திறந்து, பூட்டிய ஆணையைத் திறந்துவிடுகிறது. அதன்பின் செயலியே தன் பெயரைச் சொல்கிறது. அனுமானத்தால் ஆளைப் பிடித்து, ஆப்தவாக்கியத்தால் பெயரை உறுதிசெய்யும் இந்த நேர்த்திக்கு ஈடாக வேறொன்றை இந்தத் துறையில் நான் கண்டதில்லை.

பெயர் பிசகினால் திரையில் அழகு கெடுவதோடு முடிந்துவிடுவதில்லை. 2008இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற பத்திரிகை, வியா நிறுவனத்தின் நானோ செயலியைப் பரிசோதித்தது. செய்தவர் பெயரை மாற்றி எழுத அந்தச் செயலி இடங்கொடுப்பது. 'ஜெனுயின்இன்டெல்' என்று பெயரை மாற்றிவிட்டுப் பிசிமார்க் 2005 என்னும் வேகச் சோதனையை நடத்தியபோது, நினைவகப் பிரிவில் மதிப்பெண் ஏறக்குறைய 47 சதவீதம் ஏறிற்று. சில்லும் அதுவே, வேகமும் அதுவே. மாறியது பெயர் ஒன்றுதான். சோதனை நிரல், செயலியால் என்ன செய்ய முடியும் என்று கேளாமல், யார் செய்தது என்று கேட்டு அதற்குத் தக்கபடி வழியைத் தேர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் காண்பது கடினம். மனிதர் எழுதும் நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றித்தரும் இன்டெல் நிறுவனத்தின் நிரல்தொகுப்பியும் இவ்வாறு பெயர் பார்த்துப் பந்தி வைக்கிறது என்பது, 2005இல் ஏஎம்டி தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2009 நவம்பரில் 125 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமாதானமாயிற்று. மறு ஆண்டில், தன் தொகுப்பியின் இந்தப் போக்கை வாங்குவோருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இன்டெலைக் கட்டுப்படுத்தியது. இத்தனைக்கும், திறமையைக் கேட்டறிய நேரான வழி ஆதிமுதலே உண்டு. இரண்டாம் கேள்வியின் விடையிலேயே, ஒவ்வொரு திறமைக்கும் ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பதிவகத்தின் இருபத்தாறாம் பிட் 1 என்றால், எஸ்எஸ்இ2 என்னும் கணிதத் திறமை அந்தச் செயலிக்கு உண்டு, யார் செய்திருந்தாலும் சரி. அதைப் பாராமல் குலம் விசாரித்துக்கொண்டிருக்கும் நிரலை, எவ்வளவு பெரிய நிறுவனம் எழுதியிருந்தாலும், சோம்பேறி நிரல் என்றே நான் சொல்வேன்.

வேகத்தைப் பற்றிய புகார்கள் வேறொரு வகை. ஆத்லான் எக்ஸ்பி 1800+ என்ற பெயரைக் கண்டு 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்தவர்களுக்கு, திரையில் 1533 என்று வந்தது அதிர்ச்சியளித்தது. பெயரிலுள்ள எண் வேகமன்று, ஒப்பீட்டுத் தகுதி. 1533 என்பதே சரியான வேகம். ஆனால் 1150 என்று வந்தால் அது வாஸ்தவமான பிழை. அந்தச் செயலி, தாய்ப்பலகை தரும் 133 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைப் பதினொன்றரை மடங்காக்கி ஓடுவது. பலகையில் துடிப்பை 100 என்று அமைத்துவிட்டால் 1150தான் வரும். இங்கே இயக்க முறைமை பொய் சொல்லவில்லை. செயலி நிஜமாகவே மெதுவாக ஓடுகிறது. அமைப்பைத் திருத்தினால் பணத்துக்குரிய வேகம் கிடைத்துவிடும்.

ஆக, பெயர் தவறாக வந்தால், வாக்கு வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். விண்டோஸ் காட்டும் பெயர், அதன் பதிவேட்டில் 'ஹார்ட்வேர்' என்ற கிளையின்கீழ் எழுதியிருப்பது. அந்தக் கிளை ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் புதிதாக எழுதப்படுவது. ஆகையால் அங்கே யாரேனும் கைவைத்துப் பெயரை மாற்றியிருந்தாலும், மறுமுறை எழும்போது அது மறைந்துவிடும். பழைய கணினி வாங்கப் போகிறவர்கள், பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை அணைத்து எழுப்பச் சொல்வது நல்லது. அடுத்தபடியாக, கணினி எழும்போது பயாஸ் திரையில் என்ன பெயர் வருகிறது என்று பார்க்கலாம். அங்கேயே தவறு என்றால், விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை. பயாஸ் சரி, விண்டோஸ் தவறு என்றால், யுஎஸ்பி குச்சியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸை எழுப்பி, அதில் 'சிபியுஇன்ஃபோ' கோப்பைத் திறந்து, பெயரை விட்டுவிட்டுக் குடும்பம், மாதிரி, படிநிலை என்னும் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். பெயரைப் போலன்றி இந்த மூன்றும் சில்லிலேயே பொறித்தவை. தயாரிப்பாளரின் பட்டியலில் அந்த எண்களுக்கு நேரே உள்ள வமிசமும் திரையிலுள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால், பெயர் வழியில் மாறியிருக்கிறது. எல்லாம் கைவிட்ட பிறகுதான் விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்து, மூடியிலுள்ள எழுத்தைப் படிக்கும் முதற்பிரமாணம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. 1990களில் மெதுவான பென்டியங்களின் மூடியைச் சுரண்டி, வேகமானவற்றின் எழுத்தைப் பொறித்து விற்ற மோசடி சந்தையில் நடந்ததுண்டு. செயலி தன் நியாயமான வேகத்தில்தான் ஓடுகிறதா என்று கண்டுசொல்ல, இன்டெல் நிறுவனமே பிறகு ஒரு நிரலை இலவசமாகக் கொடுத்தது.

வேண்டுமென்றே தவறாகச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியின் மூன்றாம் பதிப்பிலோ நான்காம் பதிப்பிலோ நெடுங்காலம் அதே 'சிபியுஇன்ஃபோ' கோப்பைத் திறந்தவர்களுக்கு, பிசிஎம்2835 என்ற பெயரே கிடைத்தது. அது 2012இல் வந்த முதற்பதிப்பின் சில். மூன்றாம் பதிப்பில் இருப்பது பிசிஎம்2837, நான்காம் பதிப்பில் பிசிஎம்2711. கருநிரலில் அந்த வரி எல்லாப் பதிப்புக்கும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். உண்மையை அறிய விரும்புகிறவர் அடுத்த வரிக்கு இறங்கி, 'ரிவிஷன்' என்பதற்கு எதிரே உள்ள குறியெண்ணைப் படிக்க வேண்டும்.

ஒரே பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் நடிக்கவைக்கும் மெய்நிகர்க் கணினிகளில், இந்தப் பொய் ஒரு கொள்கையாகவே நடைபெறுகிறது. அங்கே உள்ளிருக்கும் இயக்க முறைமை சிபியுஐடி ஆணையைக் கொடுத்தவுடன், இன்டெல் செயலியானால், விடை சொல்லாமல் நின்று, மேலிருந்து ஆளும் 'ஹைப்பர்வைசர்' என்ற நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடும். விடையை எழுதுவது அந்த நிரல்தான். அது 'கியூஇஎம்யு விர்ச்சுவல் சிபியு வெர்ஷன் 2.5+' என்று எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பெயரைச் சொல்லலாம். இருக்கும் திறமைகளுட் சிலவற்றை இல்லையென்றும் மறைக்கலாம். இது குறும்பன்று. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமலே வேறொரு பெருங்கணினிக்கு மாற்ற வேண்டியிருக்கும்போது, இங்கே இருந்து அங்கே இல்லாத ஒரு திறமையை அது நம்பியிருந்தால் நடுவழியில் கவிழ்ந்துவிடும். ஆதலால் இரண்டிலும் பொதுவாக உள்ளதை மட்டும் காட்டுகிறார்கள். நாணயமான ஹைப்பர்வைசர், இரண்டாம் கேள்வியின் விடையில், நிஜச் செயலிகள் எப்போதும் பூஜ்யமாகவே விட்டிருக்கும் முப்பத்தோராம் பிட்டை 1 என்று வைத்து, நடுவில் தான் இருப்பதை ஒப்புக்கொள்ளும். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளையைக் கொடுத்தால், இதைக் கொண்டு 'ஹைப்பர்வைசர் வெண்டார்' என்றொரு வரி வரும். வாடகைக்கு எடுத்த மேகக் கணினியில் செயலியின் பெயர் விசித்திரமாகத் தோன்றினால், முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், செயலியை விசாரித்துப் பயனில்லை. உள்ளபடியே பெயரையும் திறமைகளையும் கடத்திவிடும் அமைப்பைத் தர முடியுமா என்று அந்த மெய்நிகர்க் கணினியை அமைத்த நிர்வாகியிடம் கேட்க வேண்டியதுதான்.